எரிந்த மலை இறங்கி வருகிறது! அதிகாரிகளே, ஒரே மேசையில் உட்காருங்கள்!



மாசி பிறந்தால் தேனி மாவட்டத்து மலையடிவாரத்தில் ராத்திரிக் காவலுக்கு டார்ச் லைட் வேண்டியதில்லை. மலையே விளக்காக எரியும். போடி பக்கம் ஒரு நாள், பெரியகுளம் பக்கம் ஒரு நாள், வருசநாட்டுப் பக்கம் ஒரு நாள். களத்துமேட்டில் நின்று பார்த்தால் மாலை கட்டினது மாதிரி தீ சரிவில் ஏறும். நாலு நாள் எரியும், பத்து நாள் எரியும், பிறகு அணையும். பேப்பரில் ஒரு பத்தி வரும்: "தீ கட்டுக்குள் வந்தது." அதோடு அதிகாரிகள் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார்கள்.

ஆனால் நமக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. எரிந்த மலை அப்படியே நிற்காது. அடுத்த மழையில் அது இறங்கி நம்ம வயலுக்கு வரும்!

போன ஐப்பசியில் நடந்ததை நம்மில் யார் மறக்க முடியும்? மாசியில் எரிந்த அதே சரிவு. ராத்திரி ஒன்றரை மணி நேர மழைதான். இதைவிடப் பெரிய மழையை எல்லாம் நம்ம ஓடை பார்த்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு வந்தது தண்ணீர் இல்லை. கறுப்பாக, கூழ் மாதிரி, சாம்பலும் மண்ணும் கல்லும் கலந்து வந்தது. பாதி எரிந்த கட்டைகள் தூம்புப் பாலத்தின் வாயில் போய் அடைத்துக்கொண்டன. ஓடை தன் பாதையை விட்டு வலது பக்கம் திரும்பியது. தார் தள்ளி நின்ற வாழை படுத்தது. இரண்டு கிணறுகள் மணல் மேவி மூடின. மோட்டார், பைப்பு எல்லாம் போச்சு. நாற்றங்காலில் முழங்கால் உயரத்துக்குச் சரளை.

ஓடைக்கரைக் குடிசையில் இருந்த ஒரு பாட்டியையும் அவர் பேரனையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாழைக்கு முட்டுக் கட்டும் கயிற்றைப் போட்டு இழுத்துக் கரை சேர்த்தார். கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால் இந்தத் துண்டறிக்கை கண்ணீர் அஞ்சலி நோட்டீசாகத்தான் அச்சாகியிருக்கும்!

ஆறு வாசல் ஏறினோம்! ஆறு பதில் கிடைத்தது!

மறுநாளே மனு எழுதினோம். காட்டைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனோம். "தீயை அணைச்சாச்சுங்க. காட்டு எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஓடை எங்களோடது இல்லை" என்றார்கள்.

ஆற்றைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போனோம். "ஆறுன்னா எங்க கணக்கு. இது சின்ன ஓடை, எங்க ரிஜிஸ்தர்லயே இல்லை" என்றார்கள்.

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனோம். "பாலம் ரோட்டுக்காரங்க கட்டினது. அவங்களைக் கேளுங்க" என்றார்கள். ரோட்டைப் பார்க்கிற அலுவலகத்தில், "பாலம் உடையலையே? அடைச்சதுக்கு நாங்க என்ன செய்ய?" என்றார்கள்.

வருவாய் அலுவலகத்தில், "பயிர் சேதம் 33 சதவீதத்துக்கு மேல இருந்தாத்தான் எழுத முடியும். வேளாண்மை ஆளுங்க வந்து பார்க்கணும்" என்றார்கள். வேளாண்மை அலுவலகத்தில், "வாழை தோட்டக்கலைக்காரங்களோடது" என்றார்கள்.

ஆறு அலுவலகம். ஆறு பதில். ஆறு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை! ஒவ்வொருவர் சட்டப் புத்தகத்திலும் அவரவர் சொன்னதுதான் எழுதியிருக்கிறது. தீ ஒருவர் பொறுப்பு, ஆறு ஒருவர் பொறுப்பு, ரோடு ஒருவர் பொறுப்பு, நிவாரணம் ஒருவர் பொறுப்பு. தீக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐந்தாறு மாதம் மட்டும் யாருடைய பொறுப்பும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நம் நிலமும் உயிரும் கிடக்கிறது. எந்த அலுவலரின் பெயரையும் சொல்லித் திட்டுவதற்காக இதை நாங்கள் எழுதவில்லை. ஆளை மாற்றினால் தீரும் நோய் இல்லை இது. ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் நம் வாதம்.

எரிந்த மலையில் மழை ஏன் வெள்ளமாகிறது?

"மழை பெஞ்சா வெள்ளம் வரத்தான் செய்யும், இதுக்கும் தீக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு அதிகாரி எங்களிடம் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது அய்யா.

காட்டுத் தரையில் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். மழைத்துளியின் அடியை அது வாங்கிக்கொள்ளும். தண்ணீரைப் பிடித்து மெதுவாக மண்ணுக்குள் விடும். தீ வந்தால் முதலில் போவது அந்தச் சருகுதான். பிறகு புல், புதர், மண்ணைப் பிடித்திருக்கிற சல்லிவேர். வெறும் மண்ணில் மழைத்துளி நேராக விழுகிறது. சாம்பலும் நுண்மண்ணும் சேர்ந்து மண்ணின் துளைகளை அடைக்கிறது. தீ கடுமையாக எரிந்த இடத்தில் இன்னொன்றும் நடக்கிறது. சருகில் இருக்கிற மெழுகுச் சத்து ஆவியாகி மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த அடியில் படிந்துவிடுகிறது. எண்ணெய் தடவின தோசைக்கல்லில் தண்ணீர் உருண்டு ஓடுமே, அதே மாதிரி அந்த மண்ணின் மேல் மழைத்தண்ணீர் ஓடுகிறது.

முன்பு ஒரு நாள் முழுக்க இறங்கி வந்த தண்ணீர் இப்போது அரை மணியில் வந்து சேர்கிறது. வரும்போது மண்ணையும் கல்லையும் கட்டையையும் வாரிக்கொண்டு வருகிறது. முதல் இரண்டு மழைக்காலம்தான் அதிக ஆபத்து. அதற்குப் பிறகும் எரிந்து செத்த மரத்தின் வேர் மண்ணுக்குள் மட்கிப்போய்ப் பிடிமானம் தளரும்போது, சில வருசம் கழித்துச் சரிவு சரியலாம். ஆகவே தீ அணைந்த நாளில் ஆபத்து முடியவில்லை. அன்றைக்குத்தான் தொடங்குகிறது!

"அமெரிக்காவில் எரியிறது பைன் காடு. இங்கே எரியிறது வெறும் புல்லு" என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்கிறோம். உண்மைதான். நம் மலையில் பெரும்பாலும் தரைத்தீதான், புல்லும் சருகும்தான் எரிகிறது. அங்கே போல மண் வெந்துபோவது இங்கே குறைவு. ஒரு மழைக்குப் புல் திரும்பத் தளிர்க்கும். ஆனால் அந்த முதல் மழை கோடை இடிமழையாக வந்தால்? வருசா வருசம் ஒரே சரிவு எரிந்தால்? எந்தச் சரிவு லேசாக எரிந்தது, எது கடுமையாக எரிந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது யார்? அந்தக் கணக்கைத்தான் கேட்கிறோம். பார்க்காமலே "ஒன்றுமில்லை" என்று சொல்ல நீங்கள் என்ன ஜோசியரா?

குரங்கணியில் கற்றது என்ன?

2018 மார்ச் 11. குரங்கணி மலைத் தீயை இந்த நாடே பார்த்தது. மலையேறப் போன 20-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் கருகிப்போனார்கள். நம் ஊர் ஆட்கள்தான் போர்வையில் தூளி கட்டி இறக்கினார்கள். அரசு விசாரணை வைத்தது. மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சரிவுகளில் விழும் மழைத்தண்ணீர் எந்த ஓடை வழியாக எந்த ஊருக்கு வரும், அந்த ஊரில் எந்தப் பாலம் அடைக்கும் என்று நம்மிடம் வந்து சொன்னவர் யாரும் இல்லை. மலையேறுபவருக்கு விதி வந்தது, நல்லது. மலைக்கடியில் குடியிருப்பவருக்கு என்ன வந்தது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் மலை சரிந்து ஊரையே கொண்டுபோனது. அது தீயினால் வந்ததில்லை, பெருமழையினால் வந்தது. அதையும் இதையும் குழப்ப மாட்டோம். ஆனால் மேலே மலை நிலைகுலைந்தால் கீழே தூங்குகிறவனுக்கு எழுந்து ஓட நேரமிருக்காது என்பதை வயநாடு காட்டிவிட்டது. நமக்கு அந்தப் பாடம் பிணத்தை எண்ணித்தான் வர வேண்டுமா?

முப்பத்தாறு நாளில் வந்த எமன்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம். 2017 டிசம்பர் 4-ல் 'தாமஸ் தீ' பிடித்தது. 2 லட்சத்து 81 ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. 2018 ஜனவரி 9 விடியற்காலை, அந்த எரிந்த மலைமேல் ஐந்து நிமிடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. மலையடிவாரத்தில் மாண்டசிட்டோ என்ற ஊர். பணக்காரர்கள் வாழும் ஊர். வீடு அளவுக்குப் பாறைகள் உருண்டு வந்தன. 23 உயிர் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டம். பெரிய நெடுஞ்சாலை இரண்டு வாரம் போல மூடிக் கிடந்தது. தீ முழுவதும் கட்டுக்குள் வந்ததாக அறிவித்ததே ஜனவரி 12-ல்தான். அதாவது, தீக் கணக்கை முடிக்கும் முன்பே வெள்ளம் வந்து ஊரை அடித்துவிட்டது!

அங்கே எச்சரிக்கை கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். ஆனால் ஒரு சாலையை எல்லையாக வைத்து, அதற்கு மேலே இருப்பவர்கள் கட்டாயம் வெளியேற வேண்டும், கீழே இருப்பவர்கள் விருப்பப்பட்டால் வெளியேறலாம் என்றார்கள். வெள்ளம் சாலையைப் பார்த்தா நிற்கும்? கீழே இருந்தவர்களும் செத்தார்கள். அதிகாரிக்கு வசதியான எல்லை வேறு, தண்ணீர் போகும் எல்லை வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அடுத்து நியூ மெக்சிகோ மாநிலம். இதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும். 2022-ல் வனத்துறையே சருகைக் குறைப்பதற்காக வைத்த தீ கைமீறிப் போய் 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கரை எரித்தது. ஏப்ரல் 6-ல் ஒரு தீ. குளிர்காலத்தில் குவியலாக எரித்துவிட்டுப் போனது பனிக்கு அடியில் கனன்று கிடந்து எழுந்தது இன்னொரு தீ. இரண்டும் ஒன்றாகின. அந்தச் சீமையில் 'அசேக்கியா' என்று பழைய ஊர்ப்பொதுக் கால்வாய்கள் உண்டு. நம்ம ஊர் நீர்பாய்ச்சி மாதிரி, அங்கே 'மயோர்டோமோ' என்று ஒருவர் முறைவைத்துத் தண்ணீர் விடுவார். வருசம் ஒருமுறை ஊரே கூடிக் கால்வாயைத் தூர் வாரும். நம்ம குடிமராமத்தேதான்! ஜூன், ஜூலையில் மழை வந்ததும் அந்தக் கால்வாய்களைச் சாம்பலும் சேறும் அடைத்தன. லாஸ் வேகஸ் என்று அங்கே ஒரு சின்ன ஊர் (சூதாட்ட நகரம் வேறு). அதன் குடிநீர் ஆறு கறுத்துப்போய், கையிருப்பில் சில வாரத் தண்ணீர்தான் என்ற நிலை வந்தது. அந்த அரசே தப்பை ஒப்புக்கொண்டு, 2022 செப்டம்பரில் நட்டஈட்டுக்குத் தனிச்சட்டம் போட்டது. முதலில் 250 கோடி டாலர், பிறகு அதற்கு மேலும் ஒதுக்கியது. அப்படியும் பணம் கைக்கு வரத் தாமதம் என்று அந்த ஊர் விவசாயிகள் குரல் எழுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே அமெரிக்காவைக் கும்பிடச் சொல்லவில்லை தோழர்களே! அவர்களும் தவறினார்கள், செத்தார்கள், ஏமாந்தார்கள். ஆனால் செத்ததிலிருந்து ஒரு ஏற்பாட்டைக் கற்றார்கள். அதைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

ஆளுக்கொரு சட்டை, அனைவருக்கும் ஒரு மேசை

அங்கே பெருந்தீ எரிந்தால், அது முழுவதும் அணையும் முன்பே மண் நிபுணர், நீரியல் நிபுணர், பொறியாளர் சேர்ந்த அவசரக் குழு ஒன்று எரிந்த காட்டுக்குள் போகிறது. சாட்டிலைட் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணைத் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எங்கே லேசு, எங்கே கடுமை என்று வரைபடம் போடுகிறது. அதை வைத்து நிலவியல் துறை, எந்தப் பள்ளத்தில் சேறும் பாறையும் இறங்கும் என்று கணிக்கிறது. வானிலைத் துறை, இந்த எரிந்த மலைக்கு இத்தனை நிமிடத்தில் இவ்வளவு மழை பெய்தால் எச்சரிக்கை என்று தனி அளவு வைக்கிறது. எரியாத மலைக்கு ஒரு அளவு, எரிந்த மலைக்கு அதைவிடக் குறைந்த அளவு. கீழே தனியார் நிலத்தில் கரை பலப்படுத்த, அடைப்பு எடுக்க, மண்வளத் துறை உதவுகிறது.

இவர்கள் எல்லாரையும் மாநில அளவில் உட்கார வைக்கிற குழுக்களுக்கு 'வெள்ளிச் சட்டைகள்' என்று பெயர். வெள்ளம் வந்தால் ராணுவப் பொறியாளர்கள் சிவப்புச் சட்டையில் வருவார்கள், பேரிடர்த் துறையினர் நீலச் சட்டையில் வருவார்கள். ஆளுக்கொரு நிறம் போதும், இனி எல்லாரும் ஒரே நிறம் என்றுதான் அந்தப் பெயர் வந்தது. நம்ம ஊரில் காக்கி, பச்சை, வெள்ளை என்று எத்தனை சட்டை! ஒரு சட்டை இன்னொரு சட்டையிடம் பேச வேண்டுமென்றால் தபால் போட்டுப் பதிலுக்கு மூணு மாசம் காத்திருக்க வேண்டும்!

அரிசோனாவில் பிளாக்ஸ்டாப் என்ற ஊர். 2010 ஜூனில் மலை எரிந்தது. சரியாக ஒரு மாதத்தில் வெள்ளம் வந்து 12 வயதுச் சிறுமியைக் கொண்டுபோனது. 2012-ல் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, தங்கள் வரிப்பணத்தில் 1 கோடி டாலரை வேறு மலைகள் எரியாமல் காக்க ஒதுக்கினார்கள். வெள்ளத்தைத் தடுக்கும் செலவை மலை உச்சியிலிருந்தே தொடங்கினார்கள். இதுதான் புத்தி!

சட்டம் இல்லையா? இருக்கிறது! பணம் இல்லையா? இருக்கிறது!

புதுச்சட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. 25-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர் மேலாண்மை ஆணையம், அதன் தலைவர் மாவட்ட ஆட்சியர். 31-ஆம் பிரிவின்படி மாவட்டத் திட்டம், அதை வருசா வருசம் திருத்த வேண்டும். 32-ஆம் பிரிவின்படி மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு துறை அலுவலகமும் தனக்கென ஒரு திட்டம் போட்டு, மற்றவற்றோடு இணைக்க வேண்டும். உட்காருவதற்கு மேசையைச் சட்டம் போட்டு வைத்துவிட்டது. உட்காரத்தான் ஆளில்லை.

எங்கே எரிந்தது என்று தெரியாதா? டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட் மூலம் தீப்பிடித்த இடத்தைக் கண்டுபிடித்து வன அலுவலர்களின் செல்போனுக்கே செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி காட்டு எல்லைக் கல்லோடு ஏன் நிற்க வேண்டும்? நீர்வளத்துறைப் பொறியாளருக்கும், தாசில்தாருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் போனால் என்ன குறைந்துவிடும்?

பணமா? 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு மாநிலப் பேரிடர் நிதியை இரண்டாகப் பிரித்தது. 100 ரூபாயில் 80 ரூபாய் நிவாரணத்துக்கு, 20 ரூபாய் முன்கூட்டித் தடுப்பதற்கு. தடுப்புக்கென்று தனி உண்டியல் வைத்தாகிவிட்டது. அதில் எரிந்த சரிவுக்கென்று எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா? காடு வளர்ப்பு ஈட்டு நிதிச் சட்டம் 2016-ல் வந்தது. அந்த நிதியில் மண், ஈரப்பதம் காக்கும் வேலை செய்ய விதியில் இடம் இருக்கிறது.

நிவாரண விதியையும் பாருங்கள். 2022 முதல் 2026 வரைக்கான ஒன்றிய அரசின் விதிப்படி, வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்றச் சிறு, குறு விவசாயிக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய். நிலமே அடித்துக்கொண்டு போனால் எக்டேருக்கு 47,000 ரூபாய். நம்ம வயலில் முழங்கால் உயரம் சரளை! 33 சதவீதப் பயிர்க் கணக்கைப் பேசினார்களே தவிர, மண் அகற்றும் உதவி என்று தனியாக ஒன்று இருக்கிறது என்று ஒருவராவது வாய் திறந்தார்களா? இந்தத் தொகை போதாது. பொக்லைன் வாடகைக்கும் லாரி வாடகைக்கும் காணாது. ஆனால் அந்தப் போதாததைக்கூட நமக்குச் சொல்லாமல் மறைத்தால் அதற்கு என்ன பெயர்?

முடியாது என்பதும் பொய். கண்மாய் வண்டல் எடுக்கும் அனுமதியை 2024-ல் தாசில்தார் அளவிலேயே கொடுக்கலாம் என்று தமிழக அரசு எளிதாக்கவில்லையா? மனசு வைத்தால் முடியும்!

நம்ம பக்கத்துத் தப்பு

நேர்மையாகப் பேசுவோம். "ஓடையை ஆக்கிரமிச்சது நீங்கதானே?" என்று கேட்கிறார்கள். ஆமாம், நம்மில் சிலர் ஓடைக்கரையை இரண்டு வரப்பு, மூணு வரப்பு என்று உள்ளே தள்ளி வாழை வைத்திருக்கிறோம். தட்டையையும் மட்டையையும் ஓடையில்தான் கொட்டுகிறோம். தோட்டத்துச் சருகுக்கு வைத்த தீ மலைக்கு ஏறியதும் உண்டு. இதை மறைத்துக்கொண்டு அரசைக் கேள்வி கேட்டால் யார் மதிப்பார்கள்? ஆகவே நமது சங்கம் முடிவெடுத்திருக்கிறது: கூட்டு அளவீடு நடக்கட்டும். ஓடைப் புறம்போக்கில் இருக்கும் சங்க உறுப்பினர்களின் வரப்பை, மற்றவர்களுக்கு முன்னால், நாங்களே வெட்டி எடுப்போம். மாசி முதல் வைகாசி வரை மலையடித் தோட்டங்களில் சருகு எரிப்பதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு வைப்போம்.

அதேபோல் தீ என்றதும் ஆடு மாடு மேய்ப்பவர் மேலும், தேன் எடுக்கிற பளியர் மக்கள் மேலும் பழி போட்டுக் கோப்பை முடிக்கிற வழக்கத்தை ஏற்க மாட்டோம். மலையை அவர்களைவிட அறிந்தவர் யார்? 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கிற உரிமையைக் கிராமசபைக்குக் கொடுத்திருக்கிறது. அவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துக் குழுவில் உட்கார வையுங்கள்!

காட்டுக்குள் கான்கிரீட் அணை கட்டச் சொல்லவும் இல்லை. காண்டிராக்டருக்குக் கொள்ளை லாபம் கொடுக்கிற திட்டம் நமக்கு வேண்டாம். எரிந்த பள்ளத்தில் கல் அடுக்கு, முள்படல், சரிவுக்குக் குறுக்கே சருகு மூட்டம், கீழே பாலத்தின் வாயில் தூர் எடுப்பு. மண்வெட்டியும் கடப்பாரையும் கூலி ஆளும் போதும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஆண்டும் தீக்காலம் முடிந்ததும், ஜூன் மாதத்துக்குள், எரிந்த சரிவுகளின் பட்டியலை வெளியிடு! எந்தச் சரிவு, எவ்வளவு கடுமை, தண்ணீர் எந்த ஓடைக்கு, எந்த ஊருக்கு என்று தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டு!

2. ஆட்சியர் தலைமையில் வனம், நீர்வளம், வருவாய், நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி, வேளாண்மை, தோட்டக்கலை, தீயணைப்பு ஆகிய துறைகளின் நிரந்தரக் கூட்டுக்குழு அமை! விவசாயிகளும் மலைவாழ் மக்களும் அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை மக்களுக்குக் கொடு!

3. காட்டு எல்லை முதல் ஆறு வரை ஒவ்வொரு ஓடையையும் எல்லாத் துறையும் சேர்ந்து நடந்து பார்! ஒவ்வொரு பாலத்துக்கும் தூம்புக்கும் இன்னார் பொறுப்பு என்று ஒரே பதிவேட்டில் எழுது! 'எங்க ரிஜிஸ்தர்ல இல்லை' என்ற பதில் இனி வரக் கூடாது!

4. புரட்டாசி முடிவதற்குள் எரிந்த பள்ளங்களில் கல் தடுப்பும், பாலங்களில் தூர் எடுப்பும் முடி! உள்ளூர் ஆட்களுக்கே வேலை கொடு!

5. மலைமேல் மழைமானிகள் வை! எரிந்த சரிவுக்குத் தனி எச்சரிக்கை அளவு வை! ராத்திரி எத்தனை மணியானாலும் ஊராட்சி ஒலிபெருக்கியில் சொல்ல ஏற்பாடு செய்! ஓடைக்கரைக் குடிசைகளுக்கு மாற்று மனை கொடு!

6. மண் மேவிய வயலை ஏழு நாளில் பார்வையிடு! மண் அகற்றும் உதவியை மனு இல்லாமலே வழங்கு! குத்தகை விவசாயிக்கும் கொடு! தொகையை உண்மைச் செலவுக்கு உயர்த்து!

7. இதற்கெல்லாம் பதில் சொல்ல மாவட்டத்தில் ஒரே அதிகாரி, ஒரே தொலைபேசி எண் அறிவி!

காலமும் நாங்களே குறித்துத் தருகிறோம். மே 1 கிராமசபையில் அதுவரை எரிந்த சரிவுகளைப் படிக்கட்டும். ஆகஸ்ட் 15 கிராமசபையில் வேலைப் பட்டியலைப் படிக்கட்டும். அக்டோபர் 2 கிராமசபையில் முடிந்த வேலையையும், ராத்திரியில் ஓடிப்போய்த் தங்க வேண்டிய இடத்தையும் சொல்லட்டும். மாண்டசிட்டோவுக்குக் கிடைத்தது 36 நாள். தீ அணைந்து வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் நமக்கு நாலைந்து மாசம் கிடைக்கிறது. இயற்கை கொடுக்கிற அவகாசத்தைக் கோப்புகள் தின்னலாமா?

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் விவசாயிகளே!

இது தேனிக்காரன் பிரச்சினை என்று இருந்துவிடாதீர்கள். மலை மண் எங்கே போகிறது? ஓடைக்கு, ஆற்றுக்கு, கடைசியில் 1959-ல் திறந்த வைகை அணைக்கு. 71 அடி என்று போர்டில் எழுதியிருக்கிறது, அடியில் வண்டல் உட்கார்ந்திருக்கிறது. எரிந்த மலையிலிருந்து வரும் ஒவ்வொரு கூடை மண்ணும் உங்கள் வயலுக்கு வர வேண்டிய ஒரு கூடைத் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கிறது. மேலே எரிந்தால் எங்களுக்கு வெள்ளம், உங்களுக்கு வறட்சி. பாட்டியை இழுத்த அந்தக் கயிற்றின் ஒரு முனை எங்கள் கையில், இன்னொரு முனை உங்கள் கையில்!

திரண்டு வாரீர்!

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு காலை 10 மணிக்கு ஆர்ப்பாட்டம். ஆளுக்கொரு மண் சட்டியில் நம்ம வயலில் படிந்த சாம்பல் மண்ணை எடுத்து வாருங்கள். ஆறு அலுவலகத்துக்கும் தனித்தனி மனு கொடுக்க மாட்டோம். ஒரே மனு! ஆறு துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து வாங்கும்வரை எழுந்திருக்க மாட்டோம்!

தாய்மார்களே, இளைஞர்களே, கூலித் தொழிலாளத் தோழர்களே! கிணறு மூடியவரும் வாருங்கள், இன்னும் மூடாதவரும் வாருங்கள். அடுத்த மழை யார் வயலுக்கு என்று யாருக்குத் தெரியும்?

தீ ஒருவருக்கு, வெள்ளம் ஒருவருக்கு என்று பிரிக்காதே!

எரிந்த மலைக்குக் கணக்குச் சொல்! அடைத்த ஓடைக்குப் பதில் சொல்!

செத்த பிறகு நிவாரணம் வேண்டாம்! சாகும் முன்னே பாதுகாப்பு வேண்டும்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!